மெழுகிய தரையும் ஒரு நாய்க்குட்டியும்

நாய்க்குட்டியை வெளியே போகப் பழக்குவது ஒரு வார வேலை என்று கைபேசி வீடியோவில் ஒருவர் சொன்னார். அவர் நின்றிருந்த வீட்டில் பளபளவென்று டைல்ஸ் தரை. குட்டியும் ஏதோ சீமை ஜாதி. அவர் சொன்னதையெல்லாம் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன். சாப்பிட்டதும் வெளியே. தூங்கி எழுந்ததும் வெளியே. விளையாடி முடித்ததும் வெளியே. முப்பது வருஷமாக ஊராருக்குச் சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று சொல்லிக்கொடுத்து வயிறு வளர்த்தவன் நான். எனக்கு இது ஒரு வித்தையா என்று நினைத்தேன். நெனப்புதான் பொழப்பைக் கெடுக்கும் என்பது சும்மா இல்லை.

ஜவ்வாது மலை மேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். சன்னல் வழியாக மாத்திரை கொடுப்பவன். ஊரில் எனக்கு 'மருந்து சார்' என்று பெயர். மனைவி இறந்த நான்காம் மாதம் செங்கத்தில் இருந்து இங்கே மாற்றல் கேட்டேன். மலைக்கு யாரும் கேட்டு வருவதில்லை என்பதால் மறு வாரமே கிடைத்துவிட்டது. செங்கத்தில் தெருவில் இறங்கினால் நான்கு பேராவது, 'தனியா எப்படி சார் இருக்கீங்க?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் இருந்து தப்பித்துத்தான் ஓடி வந்தேன். இங்கே யாரும் கேட்கவில்லை. ஒரு வருஷம் போன பிறகு, யாராவது கேட்டால் தேவலை என்று ஆகிவிட்டது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காலையில் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, இந்த மஞ்சள் மாத்திரை மட்டும் பாதி. இதைத் தவிர வேறு வாக்கியம் பேசாமல் வாரக்கணக்கில் இருந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவும் கிடையாது. சில திங்கட்கிழமை காலையில் முதல் ஆளுக்கு மருந்து சொல்லும்போது தொண்டை கரகரக்கும். பேசாத தொண்டைக்கு அப்படி ஆகும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் செங்கத்துக்குப் போய்விட்டுச் சாயங்காலப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் மடியில் ஒரு துண்டு, துண்டுக்குள் நாய்க்குட்டி. அடிவாரத்து வளைவில் லாரியில் அடிபட்டுத் தாய் செத்துக் கிடந்ததாம். பக்கத்தில் மூன்று குட்டிகள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் குட்டியைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தார். கடைசி நிறுத்தத்தில் இறங்க நான் ஒருவன்தான் பாக்கி.

"ரெண்ட எடுத்துக்கினாங்க சார். இது பொட்ட. யாரும் கை வெக்கல. நீங்கதான் மிச்சம்," என்றார்.

"எனக்கு நாய் ஒத்துவராதுப்பா," என்றேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் என் பைக்குள் அதை இறக்கிவிட்டு விசில் கொடுத்தார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சிரமம்கூட இல்லை, பஸ் நிர்வாகமே உள்ளே விட்டுக் கொடுத்தது.

அன்று அது என் காலடியில் சுருண்டு படுத்தது. பால் குடித்த வயிறு மேலும் கீழும் போய் வந்தது. என்னைத் தவிர இன்னொரு உயிர் மூச்சுவிடும் சத்தத்தை அந்த வீட்டில் அன்றுதான் கேட்டேன். சந்தோஷமாக இருந்தது. ஐம்பத்தாறு வயதில் ஒரு குட்டி நாயின் மூச்சுக்கு ஏங்கிக் கிடந்திருக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

நான் குடியிருந்தது ஓட்டுக்கூரை போட்ட மண் தரை வீடு. சொந்தக்காரர்கள் பக்கத்திலேயே கான்கிரீட் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் அவர்களுடைய சாமி போகவில்லை. பழைய வீட்டின் கிழக்கு மூலையில், மூங்கில் கூடையில், சிவப்புத் துணி போர்த்தி அப்படியே இருந்தது. பங்காளிகள் எல்லோரும் கூடிச் சம்மதித்தால்தான் சாமியை இடம் மாற்ற முடியுமாம். அந்தப் பங்காளிகள் எதற்கும் ஒன்றாகச் சம்மதித்ததாகச் சரித்திரமே கிடையாது. "மூலையில சாமி கீது சார். நீங்க உங்க பாட்டுக்கு இருங்க, அது பாட்டுக்கு இருக்கும்," என்று சொல்லித்தான் எனக்கு வீட்டைக் கொடுத்தார் பக்கத்து வீட்டம்மா. வீட்டுக்குச் சொந்தக்காரர் அவர்தான். கிட்டத்தட்ட என் வயது. சாமைக் கொல்லை, புளிய மரங்கள், நான்கு மாடு, வாயே திறக்காத ஒரு கணவர் எல்லாம் அவர் பொறுப்பு. விடியற்காலை சாணி கரைத்து இரண்டு வீட்டு வாசலுக்கும் அவரே தெளித்துவிடுவார்.

வந்த மூன்றாம் நாள் குட்டி நேராகச் சாமி மூலைக்குப் போய் ஒண்ணுக்கு இருந்தது. அந்த நேரம் பார்த்தா அந்தம்மா விளக்கேற்ற வர வேண்டும்!

"இன்னா சார் இது?"

"சின்னக் குட்டிம்மா. பழக்கிடுவேன்."

"பழக்குங்க. பினாயில் கினாயில்னு ஊத்திடாதீங்க, சாமி கீற வூடு. அது போற எடத்துல எல்லாம் சாணி போட்டு மெழுகிடுங்க. தீட்டு போயிடும்." கூடையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார். "கார்த்திகை கடைசில புதுசு பொங்குவோம் சார். புதுச் சாமையப் பொங்கி இங்கதான் படைக்கணும். பங்காளிங்க எல்லாம் வருவாங்க. அதுக்குள்ள பழக்கிட்டீங்கன்னா சரி. இல்லாங்காட்டி நாய எங்கனா வுட்ருங்க. நாய வுட மாட்டேன்னா வூட்ட வுட்ருங்க. எனக்கு உங்க மேல ஒண்ணும் கோவம் இல்ல."

கோபம் இல்லாமல் சொன்னதுதான் பயமாக இருந்தது. அந்த ஊரில் வாடகைக்கு வேறு வீடு கிடையாது. இந்த வீட்டை விட்டால் மலையை விட வேண்டும். மலையை விட்டால் செங்கம் வீடுதான், மனைவியின் அந்தக் கட்டில்தான். நாயை விடலாம் என்றால், மூன்றே நாளில் அது என் செருப்புச் சத்தத்துக்கு எழுந்து ஓடிவரப் பழகியிருந்தது. எனக்காக எழுந்து வருகிற ஒன்றை எந்த வளைவில் கொண்டுபோய் விடுவது? என் கையில் ஆறு வாரம் இருந்தது.

ஆறு வாரமும் நான் பட்டது நாய் படாத பாடு. அதாவது நாய் படாததை எல்லாம் நான் பட்டேன். மருந்துச் சன்னலைச் சாத்திவிட்டுப் பத்தரைக்கு ஒரு முறை, மதியம் ஒரு முறை வீட்டுக்கு ஓடினேன். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்று எங்கள் நர்சம்மா என் காதுபடவே சொன்னார். விடியற்காலையில் தூக்கிக்கொண்டு போய் வாசலில் விடுவேன். ஈரத் தரையில் இரண்டு சுற்றுச் சுற்றி உடனே இருந்துவிடும். 'சமத்து' என்று தட்டிக்கொடுப்பேன். வாசல் பாடம் இரண்டே நாளில் வந்துவிட்டது. வீட்டுக்குள் ஒண்ணுக்கு இருக்கக் கூடாது என்கிற பாடம்தான் ஏறவில்லை. போன இடத்திலேயே திரும்பப் போனது.

சாணி மெழுகவும் கற்றுக்கொண்டேன். மாட்டுக் கொட்டகைக்கு வாளியோடு போய் நின்றால், "சாணிக்கு ஆம்பள வந்துட்டாருடி," என்று பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். கையை அரைவட்டமாக இழுத்து, அடுத்த அரைவட்டம் அதன் ஓரத்தைத் தொடுகிற மாதிரி மெழுக வேண்டும். நான் மெழுகினால் எருமை புரண்ட இடம் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு துளி விடாமல் மெழுகினேன். குட்டி எத்தனை தடவை போனதோ அத்தனை தடவை, மண்டியிட்டு, முட்டி வலிக்க மெழுகினேன். நான் எழுந்து கை கழுவிவிட்டுத் திரும்பினால், காயாத அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து மறுபடி போகும். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போகும். வாலை வேறு ஆட்டும்.

நான்காம் வாரம் பொறுமை போய்விட்டது. ஒரு சாயங்காலம், அன்றைக்கு அது எத்தனையாவது தடவையோ, செய்தித்தாளைச் சுருட்டித் தரையில் ஓங்கி அடித்து, "கூப்பிடத் தெரியாதா உனக்கு? வாயில்லயா?" என்று கத்தினேன். குட்டி ஒடுங்கி, பயத்தில் இன்னும் கொஞ்சம் போய், கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொண்டது. அதட்டினாலும் வரவில்லை, கெஞ்சினாலும் வரவில்லை. மறுநாள் என் செருப்புச் சத்தம் கேட்டபோது ஓடிவருவதற்குப் பதிலாகக் கட்டிலுக்கு அடியில் போனது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே போக மனசு வரவில்லை.

புத்தியும் வரவில்லை. நீர் உள்ளே போனால்தானே ஒண்ணுக்கு வரும் என்று, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துப் பரண் மேல் வைக்க ஆரம்பித்தேன். இரண்டு நாள் தரை காய்ந்து கிடந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அடுப்படிக்குப் போனபோது, குட்டி தண்ணீர்ப் பானையின் அடியில் தலையை நுழைத்துக்கொண்டிருந்தது. பானையைச் சுற்றிக் கொட்டியிருந்த ஈர மணலை நக்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், மூக்கில் மணலோடு, பின்வாங்கி நகர்ந்து போனது.

இனி இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. ஏழு மாதம் கட்டிலில் இருந்தாள். பேச்சு குழறும், ஆனால் கூப்பிட முடியும். ஒரு நாள் காலை 'ஏங்க' என்று கூப்பிட்டாள். நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். ஒரு கன்னம் முடிந்திருந்தது. 'இரு, வர்றேன்' என்றேன். இன்னொரு தடவை கூப்பிட்டாள். மற்றக் கன்னத்தையும் முடித்து, முகம் கழுவி, துடைத்துக்கொண்டுதான் போனேன். அதற்குள் படுக்கை நனைந்துவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில், "கூப்பிட வேண்டியதுதானே? வாயில்லயா உனக்கு?" என்று கத்தினேன். அவள் கூப்பிட்டாள். இரண்டு தடவை கூப்பிட்டாள். அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. துணியை மாற்றிவிட்டு வேலைக்குப் போனேன்.

அன்றிலிருந்து அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். தலைமாட்டில் நான் வைத்துவிட்டுப் போன செம்பு சாயங்காலமும் அப்படியே நிறைந்திருக்கும். மாத்திரையை நாக்கில் வைத்து ஒரு வாயோடு நிறுத்திக்கொள்வாள். 'நிறையத் தண்ணி குடிங்க' என்று ஊருக்கெல்லாம் சன்னல் வழியாகச் சொல்கிறவன், உதடு வெடித்த பிறகுதான் கவனித்தேன். கெஞ்சினேன். 'வேணாம், உங்களுக்குச் சிரமம்' என்றாள். அந்தச் சொல்லை அவள் குழறாமல் சொன்னாள். இரண்டு மாதம் கழித்து இரண்டாவது முறை வாதம் வந்து போய்விட்டாள். தண்ணீர் குடிக்காததால் இல்லை என்று டாக்டர் சொன்னார். எனக்கும் அது தெரியும். தெரிந்து என்ன செய்ய?

பரண் மேல் இருந்த கிண்ணத்தை எடுத்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு நான் வெளியே போய் நின்றேன். நான் இருந்தால் அது குடிக்காது. கதவிடுக்கில் சளக் சளக் என்று சத்தம் கேட்டது. நெடுநேரம் கேட்டது. வீட்டை விட்டாலும் சரி, இன்னொரு உயிரை எனக்குப் பயந்து அப்படி இருக்க வைக்க மாட்டேன் என்று அன்று முடிவு செய்தேன். முடிவு செய்துவிட்டால் போதுமா, தரை நனைவது நிற்க வேண்டாமா!

உண்மை என்ன என்று ஒரு விடியற்காலையில்தான் பிடிபட்டது. பக்கத்து வீட்டம்மா வாசலில் சாணி தெளித்துக்கொண்டு போனார். குட்டி அவர் பின்னாலேயே போனது. தண்ணீர் விழுந்த இடத்தை மோந்து பார்த்தது, இரண்டு சுற்றுச் சுற்றியது, இருந்தது. நகர்ந்து, அடுத்துத் தெளித்த இடத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தது. காய்ந்த பக்கம் போகவே இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்து வாலாட்டியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் காலையில் சாணி வாசம் வருகிற இடத்தில் விட்டு, இங்கே போ, சமத்து என்று சொல்லிக்கொடுத்தவன் நான். அப்புறம் வீட்டுக்குள் அது போன இடத்தில் எல்லாம் அதே சாணியைக் கரைத்துப் பூசி, இங்கேயும் போ என்று எழுதி வைத்தவனும் நானேதான். தீட்டுப் போக மெழுகுகிறேன் என்று வீடு முழுக்க அதற்குக் கக்கூஸ் கட்டிக்கொடுத்திருக்கிறேன். அது ஒரு நாளும் தப்புச் செய்யவில்லை. சொன்னபடி கேட்டது. சொன்னபடி கேட்டதற்குத்தான் தரை அதிர அடித்துக் கத்தியிருக்கிறேன்.

அந்தம்மாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு முகம் சுருங்கியது. "சாணி மேல பழி போடாதீங்க சார். பாவம்."

"என் வாசல்ல மட்டும் கொஞ்ச நாள் தெளிக்காதீங்கம்மா. அது மறக்கட்டும்."

"தெளிக்காம வுடறதா? வாசத் தெளிக்காத வூடு சாவு வூடு சார்."

"இது சாவு வீடுதான்," என்று சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. "என் சம்சாரம் போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது."

அந்த ஊருக்கு வந்து அன்றுதான் அதை ஒருவரிடம் சொல்கிறேன். அவர் வாளியைக் கீழே வைத்தார். மறுநாள் காலை தெளிக்கும்போது, அவர் வீட்டு வாசல் எங்கே முடிகிறதோ அங்கே கோடு போட்ட மாதிரி நிறுத்திக்கொண்டார். ஆனால் போகும்போது ஒன்று சொன்னார். "படையல் அன்னிக்கு மட்டும் என்னால நிறுத்த முடியாது சார். சாமி மூலைய அன்னிக்குப் புதுசா மெழுகித்தான் ஆவணும்."

அதாவது, பங்காளிகள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, குட்டி கண்ட ஒரே கக்கூஸ் சாமியின் காலடியில் ஈரமாக இருக்கும். எனக்கு இருந்தது பதினோரு நாள்.

கடப்பாரையால் தரையைச் சுரண்டினேன். அது போன இடங்களில் எல்லாம் நான்கு விரற்கடை மண்ணை வழித்து வெளியே கொட்டிவிட்டு, கொல்லையில் இருந்து செம்மண் கொண்டுவந்து போட்டுத் தட்டிக் கெட்டித்தேன். வாய் திறக்காத அந்தக் கணவர் வந்து பார்த்தார். திமிசுக்கட்டையை என்னிடம் இருந்து வாங்கி மீதியைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். குட்டிக்கு இடம் கொல்லைப் பக்கத்துப் புளிய மரத்தடி என்று வைத்தேன். விடியலில், சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும், தண்ணீர் குடித்துக் கொஞ்ச நேரத்தில், மழையோ பனியோ, குடையைப் பிடித்துக்கொண்டு அதோடு போய் நின்றேன். சில நாள் முக்கால் மணி நேரம் ஒன்றுமே நடக்காது. கொல்லைக்குப் போகிறவர்கள், "இன்னா சார், மரத்தாண்ட யாருக்குக் காத்துனு கீறீங்க?" என்று கேட்பார்கள். சொன்னால் சிரிப்பார்கள். ஐந்து நிமிஷம் நின்றும் பேசுவார்கள். அவர்கள் போன பிறகு மரத்தடி முன்னைவிட அமைதியாகத் தெரியும்.

கத்துவதை அடியோடு விட்டேன். வீட்டுக்குள் அது தரையை மோந்து சுற்ற ஆரம்பித்தால் பேசாமல் தூக்கிக்கொண்டு போவேன். போகும் வழியில் நனைந்தால் என் சட்டைதான் நனையும். ஆறாம் நாள் நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது வேட்டி நுனி இழுபட்டது. குட்டிதான். நுனியைக் கவ்வி இழுத்துவிட்டு வாசற்படி வரை ஓடிப் போய்த் திரும்பிப் பார்த்தது. அரிசியைப் போட்டுவிட்டு ஓடினேன். புளிய மரத்தடியில் அது இருந்து முடித்ததும், ஐம்பத்தாறு வயது அரசு ஊழியன் மழையில் கை தட்டினேன். பிறகு நான்கு நாளும் அப்படியே கூப்பிட்டது. அந்த நான்கு நாளில் வேட்டி நுனி காலில் பட்ட ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் போகிற வரைக்கும் அது பொறுக்குமா என்கிற பயம்.

படையல் அன்று காலையிலேயே அந்தம்மா குளித்து ஈரப் புடவையோடு வந்து சாமி மூலையை மெழுகினார். அரைவட்டம் அரைவட்டமாக, கோலம் போட்ட மாதிரி. வீடெல்லாம் சாணி வாசம். வழக்கத்தையும் சொல்லி வைத்தார். அந்த வீட்டில் அடுப்பெரிக்கிறவன் என்பதால் நானும் உள்ளே இருக்க வேண்டும். கற்பூரம் ஏற்றினால் அது அணையும் வரை ஒருவரும் வாசற்படி தாண்டக் கூடாது. தாண்டினால் சாமியும் அவர் பின்னாலேயே போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. எதற்கு வம்பு என்று குட்டியைப் புளிய மரத்தில் கட்டிவிட்டு வந்தேன்.

புதுச் சாமைப் பொங்கல் இலையில் விழுந்த நேரம், குட்டி ஊளையிட ஆரம்பித்தது. பங்காளிகளில் மூத்தவர் கையை நிறுத்திவிட்டார். "படையல்ல நாய் ஊளை ஆவாது. யாரு நாயி அது? உள்ள கொண்டாந்து கையில புடிங்க."

அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் போய் அவிழ்த்துக்கொண்டு வந்து, கதவுப் பக்கமாக உட்கார்ந்து மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதன் மூக்கு மேலே எழும்பித் துடித்தது. சாமி மூலையைப் பார்த்தது. உடம்பு முறுக்கியது. பிடி நழுவி இறங்கிவிட்டது. இருபது பேருக்கு நடுவில் மெழுகிய ஈரத்தை நோக்கி இரண்டு அடி வைத்தது. அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டார். அதே நேரம் மூத்தவர் கற்பூரத்தை ஏற்றினார்.

குட்டி நின்றது. திரும்பி என்னிடம் வந்தது. வேட்டி நுனியைக் கவ்வி இழுத்துவிட்டுக் கதவைப் பார்த்தது.

'இரு' என்றேன். வாய்க்குள்தான் சொன்னேன். கற்பூரம் அணைய இரண்டு நிமிஷம் ஆகும், அதுவரை பொறுக்காதா என்று நினைத்தேன். இருபது தலைகளும் சாமியும் எனக்கு முன்னால் இருந்தன. இந்த வீடு இருந்தது. குட்டி பின்னங்காலை ஒடுக்கிக்கொண்டு நடுங்கியது. அடக்கிக்கொண்டு நின்றது. இரண்டாவது தடவை இழுத்தது.

எழுந்தேன். குட்டியை அள்ளிக்கொண்டு எரிகிற கற்பூரத்துக்கு முதுகு காட்டி வாசற்படி தாண்டினேன். பின்னால் யாரோ 'ஐயோ' என்றார்கள். புளிய மரத்தடியில் இறக்கிவிட்டதும் அது நெடுநேரம் இருந்தது. அவ்வளவையும் அடக்கிக்கொண்டு என்னைக் கூப்பிட வந்திருக்கிறது. நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வீடு போனதற்கு இல்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தம்மா மந்தார இலையில் பொங்கலோடு வந்தார்.

"கற்பூரம் எரியறப்ப தாண்டிட்டீங்களே சார்."

"கூப்பிட்டுச்சும்மா," என்றேன். "என் சம்சாரமும் கூப்பிட்டா. நான் போகல."

அவர் குட்டி நனைத்த மண்ணையும் என்னையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இலையை என் கையில் வைத்தார். "சாமி எங்கியும் போவல சார், உள்ளதான் கீது. அவங்களாண்ட நான் பேசிக்கிறேன். ஆறிடும், சாப்டுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் உடனே போகவில்லை. குட்டி என் பாதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு பொங்கலை அண்ணாந்து பார்த்தது. நான் அங்கிருந்து திறந்த கதவைப் பார்த்தேன். படையலில் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்து வாசற்படிக்கு நாலு அடிதான் இருக்கும். செங்கத்தில் சவரக் கண்ணாடி மாட்டியிருந்த சுவரில் இருந்து அவள் கட்டிலுக்கும் அவ்வளவுதான்.